லேத்தில் ஏற்றக் கூடாத ஒரு ஜாப்

(இறுதியாண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். கவிதை எழுத நம் காலேஜில் ஆளுக்குப் பஞ்சமில்லை. காதலையும் டவுன் பஸ் படிக்கட்டையும் அவர்கள் பார்த்துக் கொள்வார்கள். நான் மெக்கானிக்கல்காரன், எனக்குத் தெரிந்தது லேத்தும் இரும்பும்தான். அதனால் இரும்பைப் பற்றியே எழுதுகிறேன். துப்பாக்கிக் குழல் என்கிற ஒரு இரும்புக் குழாயைப் பற்றி.

"நமக்கும் துப்பாக்கிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. நம் டெல்டா கிராமங்களில் பெரிய வீடுகள் சிலவற்றில் தாத்தா காலத்து ஒற்றைக் குழல் துப்பாக்கி இன்றும் உண்டு. லைசென்ஸ் உள்ளதுதான். தேர்தல் அறிவிப்பு வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பார்கள், முடிந்ததும் வாங்கி வருவார்கள். அந்தத் துப்பாக்கிக்கு ஏதாவது கோளாறு என்றால் அவர்கள் யாரைத் தேடுவார்கள்? "அந்தப் பையன் பாலிடெக்னிக் படிக்கிறானே, லேத் ஓட்டத் தெரியுமே" என்று நம்மைத்தான். அப்படி வருகிற ஆள் பெரும்பாலும் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். முடியாது என்று எப்படிச் சொல்வது, ஏன் சொல்வது? அந்த ஏன்-தான் இந்தக் கட்டுரை.

முதலில் பீரங்கி மேட்டுக்குப் போவோம். பெரிய கோவிலுக்கு நூறு தடவை போனவர்கள்கூட கீழ அலங்கத்தில் இருக்கும் பீரங்கி மேட்டில் ஒரு தடவை ஏறியிருக்க மாட்டார்கள். ஏறிப் பாருங்கள். சுமார் 26 அடி நீளம், 22 டன் அளவு எடை என்று சொல்லப்படும் இரும்புப் பீரங்கி ஒன்று அங்கே வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் செய்தது. இதை அச்சில் ஊற்றி வார்த்தார்கள் என்று நினைத்து விடாதீர்கள். அது வார்ப்பு இல்லை, முழுக்க முழுக்க கொல்லுலை வேலை. நீளவாக்கில் இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அவற்றின் மேல் இரும்பு வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியிருக்கிறார்கள். நம் ஸ்மித்தி ஷாப்பில் ஃபோர்ஜ் வெல்டிங் என்று ஒரு நாள் காட்டினார்களே, அதேதான். நானூறு வருஷமாக வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் கிடக்கிறது.

அதில் நாம் பார்க்க வேண்டியது அந்த வளையங்களை. உள்ளே பட்டை இருக்கும்போது வெளியே வளையம் எதற்கு?

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்குப் பதில் உடனே தெரியும். இப்போது டயர் வண்டிகள் வந்துவிட்டதால் நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். மரச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறியதாக இரும்பு வளையம் செய்வார்கள். வறட்டி அடுக்கி நெருப்பு மூட்டி வளையத்தைப் பழுக்கக் காய்ச்சினால் அது விரியும். அப்படியே தூக்கிச் சக்கரத்தில் மாட்டி தண்ணீர் ஊற்றினால் 'சுர்' என்று சுருங்கிப் பிடித்துக் கொள்ளும். சக்கரத்தின் ஆரக்கால்கள் எல்லாம் அந்தப் பிடியில் இறுகி நிற்கும். அதாவது வண்டி ஓடுவதற்கு முன்பே சக்கரத்துக்குள் ஒரு அழுத்தம் ஏற்றி வைத்தாயிற்று. வெடிக்குழலுக்கு வளையம் போடுவதும் இந்த வேலைதான்.

இதை நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் வைத்துப் பார்ப்போம். தின் சிலிண்டருக்கு ஹூப் ஸ்ட்ரெஸ் எவ்வளவு? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்: உள் அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, சுவர்க் கனத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். வைவாவில் சொல்லிவிட்டு மறந்து விடுகிறோம். அதில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நம் பைக் டயரில் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 2 பார். வீட்டு கேஸ் சிலிண்டரைத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கும்போது ஏற்றுகிற அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ, ஏறத்தாழ 25 பார். பன்னிரண்டு போர் துப்பாக்கியில் சாதாரணத் தோட்டா வெடிக்கும்போது எழக்கூடிய உச்ச அழுத்தத்துக்கு ஐரோப்பிய நாடுகளின் சி.ஐ.பி. அமைப்பு வைத்திருக்கும் வரம்பு 740 பார். பட்டாளத்தார் ஒரு காலத்தில் வைத்திருந்த .303 ரைஃபிளுக்கு 3650 பார். கேஸ் சிலிண்டர் சோதனையைப் போல 140 மடங்குக்கும் மேல்! அதுவும் கையில் பிடித்து, கன்னத்தை ஒட்டி வைத்துக்கொள்கிற ஒரு குழாயில்.

முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பை எடுத்துக் கொள்ளுங்கள். உள் விட்டம் ஏறக்குறைய 21.6 மில்லிமீட்டர், சுவர்க் கனம் 2.6. அதில் 740 பார், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 74 நியூட்டன் அழுத்தம் வந்தால் ஹூப் ஸ்ட்ரெஸ் 307. மைல்டு ஸ்டீலின் ஈல்டு பாயிண்ட் சுமார் 250 என்று லேபில் நாமே யூ.டி.எம். மெஷினில் இழுத்துப் பார்த்திருக்கிறோம். ஆகவே, தோட்டா சரியாக வேலை செய்த அந்த நொடியிலேயே பைப் தோற்றுவிட்டது. இந்தக் கணக்கில் பைப்பின் பக்கவாட்டு வெல்டு தையலை நான் சேர்க்கவே இல்லை. 'பைப்பை வைத்து நாட்டுத் துப்பாக்கி செய்தான், கை போயிற்று' என்று பேப்பரில் வருகிற செய்திகளின் பின்னால் இருப்பது இந்த இரண்டு வரிக் கணக்குதான்.

சரி, சுவரைக் கனமாக்கி விட்டால்? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. கனமான குழலுக்கு தின் சிலிண்டர் சூத்திரம் செல்லாது. பிரெஞ்சுக்காரர் லாமே 19-ஆம் நூற்றாண்டில் தந்த சூத்திரம் வேண்டும். அந்தப்படி, வெளி விட்டம் உள் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் உள் சுவரில் வரும் ஹூப் ஸ்ட்ரெஸ் அழுத்தத்தைப் போல 1.67 மடங்கு. மூன்று மடங்காக்கினால் 1.25. இன்னும் பத்து மடங்கு, நூறு மடங்கு ஆக்கினாலும் அது 1-க்குக் கீழே வரவே வராது! இரும்பை எவ்வளவு அப்பினாலும் உள் தோல் படுகிற பாடு குறைவதில்லை, வெளி இரும்பு சும்மா வேடிக்கை பார்க்கிறது. வேடிக்கை பார்க்கிற அந்த இரும்பை வேலை வாங்குவதுதான் வளையத்தின் வேலை. சுடுவதற்கு முன்பே அது உள் குழலை நெருக்கிப் பிடித்துக் கொண்டிருக்கும். வெடி அழுத்தம் முதலில் அந்த நெருக்கத்தைத் தீர்த்துவிட்டுத்தான் உள் தோலை இழுக்க ஆரம்பிக்கும். இங்கிலாந்தில் ஆர்ம்ஸ்ட்ராங் 1850-களில் வளையம் ஏற்றிய பீரங்கி செய்து பெரும் பெயர் வாங்கினார். நம் கொல்லர்களுக்கு லாமே சூத்திரம் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் வளையம் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. கீழ அலங்கத்தில் சாட்சி கிடக்கிறது.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். குழல் கனமாக இருக்கிறது, எடையைக் குறைக்கலாம் என்று யாரோ ஒருவர் அதன் பின்பகுதியை லேத்தில் கொஞ்சம் டர்னிங் அடித்து விடுகிறார். விட்ட விகிதம் 2-லிருந்து 1.5-க்கு இறங்கினால் 1.67 மடங்கு என்பது 2.6 மடங்காக ஏறிவிடும். .303 அழுத்தத்தில் 608 ஆக இருந்தது 949 ஆகிறது. சாதாரண ஸ்டீலை விடுங்கள், நாம் ஒசத்தி என்று சொல்கிற ஈ.என். 24-க்கே மூச்சு முட்டுகிற இடம் அது. பார்வைக்கு மட்டும் குழல் பளபளவென்று அழகாக இருக்கும்.

"கனம் இருந்தால் போதும்" என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1844 பிப்ரவரி 28. அமெரிக்காவின் புதிய போர்க்கப்பல் பிரின்ஸ்டன், போடோமாக் ஆற்றில் பெரிய மனிதர்களை ஏற்றிக்கொண்டு உலா போகிறது. ஜனாதிபதி டைலரும் கப்பலில் இருக்கிறார். கப்பலில் 12 அங்குலப் பீரங்கிகள் இரண்டு. ஒன்று எரிக்சன் என்ற பொறியாளர் வடிவமைத்தது. சோதனையில் விரிசல் கண்டதும் அதற்கு வளையங்கள் ஏற்றி, மீண்டும் மீண்டும் சுட்டுப் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டார்கள். இன்னொன்று கப்பல் தலைவர் ஸ்டாக்டன் அதைப் பார்த்துச் செய்வித்தது. வளையம் எதற்கு, பின்பக்கத்தில் இரும்பை இன்னும் கனமாக வைத்தால் ஆயிற்று என்பது அவர் கணக்கு. சோதனை வெடி ஐந்தே ஐந்து. 'சமாதானம் செய்பவன்' என்று பொருள்படும் பெயர் வேறு வைத்திருந்தார். அன்றைக்கு விருந்தாளிகள் கேட்டார்கள் என்று இன்னொரு முறை சுட்டபோது பின்பகுதி வெடித்துச் சிதறியது. வெளியுறவு மந்திரியும் கடற்படை மந்திரியும் உட்பட ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். டைலர் கீழ்த்தளத்தில் இருந்ததால் பிழைத்தார்.

இந்தக் காலத்திலும் இது நடக்காமல் இல்லை. 2017 செப்டம்பரில் போக்ரானில் நம் ராணுவத்துக்கு வந்த எம்-777 பீரங்கியின் குழல் சோதனையின்போது சேதமானது. பெரிய கம்பெனி, பெரிய ராணுவம், எல்லாப் பரிசோதனையும் தாண்டி வந்த பொருளுக்கே இந்த நிலை. அது சோதனைத் திடலில், ஆட்கள் தள்ளி நிற்கும்போது நடந்தது. சோதனை என்பதே அதற்காகத்தான்.

சோதனை என்றதும் 'புரூஃப்' என்ற ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நல்ல தொழிற்சாலையில் செய்த எந்தக் குழலும் விற்பனைக்கு வருமுன் ஒரு கடுமையான தேர்வு எழுதியாக வேண்டும். வழக்கமான உச்ச அழுத்தத்தைவிட 25 சதவீதம் அல்லது அதற்கும் மேல் அழுத்தம் தரும் விசேஷத் தோட்டாவை வைத்துச் சுடுவார்கள். குழல் உப்பாமல், விரியாமல் நின்றால் அதன் மேல் முத்திரை குத்துவார்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் 1813 முதல் இதற்கென்றே ஒரு தனி நிலையம் இருக்கிறது. குழலை அறுத்தோ கடைந்தோ மாற்றிவிட்டால் பழைய முத்திரை செல்லாது, மறுபடி தேர்வு எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். எனக்கு இது ரொம்பப் பிடித்த விதி. மார்க் ஷீட் பழைய குழலுக்குத் தந்தது. கடைந்த பிறகு அது வேறு குழல்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

இன்-பிளாண்ட் டிரெய்னிங்குக்காக நான் டெல்டா பக்கம் ஒரு லேத் பட்டறையில் சில வாரம் இருந்தேன். ஊர் பெயர், பட்டறைப் பெயர் வேண்டாம். டிராக்டர் ஆக்ஸில், போர்வெல் மோட்டார் ஷாஃப்ட், நெல் அறுக்கும் மெஷின் புஷ் என்று எல்லாம் விவசாய வேலை. ஒரு நாள் மத்தியானம் வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் சாக்கில் சுற்றிய நீளமான சாமானோடு வந்தார். பிரித்தால் ஒற்றைக் குழல். வாய்ப் பக்கத்திலிருந்து அரை அடி தள்ளி, பாம்பு எலியை விழுங்கியது மாதிரி ஒரு வீக்கம்.

"என்னங்கய்யா ஆச்சு?" என்றார் மேஸ்திரி.

"சம்பா நடவு சமயம், வரப்புல வழுக்கிட்டேன். முனை சேத்துல குத்திருச்சு போல, கவனிக்கல. அப்பறம் சுட்டேன், தோளே எகிறிப் போச்சு. இந்த வீங்குன எடத்தோட ஒரு முழம் அறுத்து விட்டா போதும். தம்பி அறுத்துருவாரா?" என்று என்னைக் கை காட்டினார்.

களிமண் ஒரு விரல்கடை அடைத்துக் கொண்டால் போதுமா என்று கேட்பீர்கள். போதும். ஹைட்ராலிக்ஸில் வாட்டர் ஹேமர் படித்தோமே, ஓடுகிற தண்ணீரை வால்வு திடீரென்று நிறுத்தினால் பைப் அதிரும் என்று. குழலில் அசுர வேகத்தில் வருகிற ரவைக் கூட்டம் சேற்றில் மோதித் தடைபடும்போது அதன் பின்னால் வரும் வாயு அதே இடத்தில் குவிந்து விடுகிறது. ரவைத் துப்பாக்கியின் முன்பகுதிச் சுவர் ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அழுத்தம் குறைந்து போகும் இடம் என்பதால் அங்கே மெலிதாக வைத்திருக்கிறார்கள், எடைக்கு ஆகாது என்பதால். அந்த மெல்லிய இடத்தில் பின்பக்கத்து அழுத்தம் வந்தால் வீங்கும், இல்லாவிட்டால் வாழைப்பூ மடல் மாதிரி விரியும். பெரியவருக்கு அன்று வீங்கியதோடு போனது அதிர்ஷ்டம்.

மேஸ்திரி எட்டாவது வரை படித்தவர். ஆனால் குழலைத் தொடவே இல்லை. "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இதை அறுக்கிறதுக்கு என்கிட்ட லைசென்ஸ் இல்ல. உங்ககிட்ட வெச்சுக்கிறதுக்குத்தான் இருக்கு, வெட்டுறதுக்கு இல்ல. திருச்சியில துப்பாக்கிக் கடை லைசென்ஸ்காரங்ககிட்ட காட்டுங்க, அதுக்கு முந்தி ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று சாக்கைத் திரும்பச் சுற்றிக் கொடுத்துவிட்டார். பெரியவருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஒரு முழம் இரும்பு அறுக்க இவ்வளவு பேச்சா?" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அந்த இவ்வளவு பேச்சும் சட்டத்தில் இருக்கிறது. நம் நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் லிட்டன் பிரபு காலத்து 1878 சட்டம் இருந்தது. பழைய 1962 விதிகளுக்குப் பதிலாக 2016-இல் புதிய ஆயுத விதிகள் வந்தன. இவ்வளவும் நாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். பட்டறைக்காரன் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று நான்கு பிரிவுகள்தான்.

5-ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வது, விற்பது மட்டுமல்ல, பழுது பார்ப்பது, மாற்றுவது, சோதித்துப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் அதற்கென்று லைசென்ஸ் வேண்டும் என்கிறது. வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் வேறு, பழுது பார்க்கும் லைசென்ஸ் வேறு. மேஸ்திரி சொன்னது இதைத்தான். 6-ஆம் பிரிவு நேராகவே குழலைப் பற்றியது: தனி லைசென்ஸ் இல்லாமல் எவரும் துப்பாக்கிக் குழலைக் குட்டையாக்கக் கூடாது, பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றவும் கூடாது. எத்தனை அங்குலம் என்ற பேச்சே அதில் இல்லை. சொந்தத் துப்பாக்கி, சொந்த லைசென்ஸ் என்பதும் பதிலாகாது.

தண்டனையைக் கேளுங்கள். முன்பு குறைந்தது 3 வருஷம், அதிகம் 7 வருஷம் என்று இருந்தது. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். நாம் இருபது வயதில் டிப்ளமா முடிக்கிறோம். ஹேக்ஸாவில் பத்து நிமிஷ வேலைக்கு நல்ல வயசெல்லாம் போய்விடும். கேட்டவர் மாமாவா, காசு வாங்கினோமா இல்லையா என்பதெல்லாம் கணக்கில் வராது.

குட்டையாக்குவதன் மேல் சட்டத்துக்கு ஏன் இத்தனை கோபம்? வரப்பில் தோளில் சாத்திக்கொண்டு போகிற நீளத் துப்பாக்கியை ஊரே பார்க்கும். குட்டைத் துப்பாக்கி துண்டுக்குள் அடங்கும். பயிர் காக்க வாங்கியது ஆளை மிரட்ட உதவும் பொருளாகி விடுகிறது. லைசென்ஸ் தரும் 13-ஆம் பிரிவிலேயே இது தெரியும். காவலுக்கோ விளையாட்டுக்கோ கேட்கும் வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும், பயிர்க் காவலுக்குக் கேட்கும், வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வழி கொஞ்சம் எளிது. அந்த வழவழப்புக் குழலுக்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

அறுத்தால் வேலையும் கெடும் என்பதைப் பெரியவருக்கு யாரும் சொல்லவில்லை. ரவைத் துப்பாக்கிகள் பலவற்றில் வாயருகே சில அங்குலம் மட்டும் துவாரத்தைச் சற்றே குறுக்கி வைத்திருப்பார்கள், ரவை சிதறாமல் சேர்ந்து போக. அறுபட்டுப் போவது அந்த இடம்தான். ரைஃபிள் என்றால் குண்டு வெளியேறும் விளிம்பு அச்சுக்குச் சரியான செங்கோணத்தில், பிசிர் இல்லாமல் இருக்க வேண்டும். மெல்லிய குழாயை மூன்று தாடை சக்கில் இறுக்கினால் என்ன ஆகும்? நாம் எல்லோரும் முதல் வருஷத்தில் அந்த அனுபவம் பெற்றவர்கள்தான். பிடியில் இருக்கும்போது வட்டம், கழற்றினால் முக்கோண வாட்டம்.

8-ஆம் பிரிவையும் மறக்கக் கூடாது. துப்பாக்கியில் பொறித்திருக்கும் பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது. அழிந்த எண்ணோடு ஒரு துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ, அவரே அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. "துரு ஏறியிருக்கு, எமரி போட்டுப் பளபளன்னு ஆக்கிக் குடு தம்பி" என்று வருகிற வேலையில் இந்த ஆபத்து ஒளிந்திருக்கிறது. சத்தத்தையும் தீயையும் குறைக்கிற இணைப்பு ஒன்றைத் திருகி மாட்ட மரை வெட்டிக் கொடு என்று யாராவது கேட்டால், அந்த இணைப்பையே சட்டம் துப்பாக்கி என்ற விளக்கத்துக்குள் வைத்திருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

பரணில் கிடக்கும் துருப்பிடித்த சாமான்? 45-ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இனிச் சுடவே முடியாத பழைய ஆயுதத்துக்கு விலக்குத் தருகிறது. 'பழுது பார்த்தாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாம் கை வைத்து அதைச் சுடுகிற நிலைக்குக் கொண்டுவந்து விட்டால் அந்த விலக்கு அங்கேயே முடிந்தது. காற்றுத் துப்பாக்கியிலும் இதே கதை. .177 அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்டதற்கு 2016 விதிகளில் லைசென்ஸ் வேண்டாம். ஸ்பிரிங்கை மாற்றி, குழலை மாற்றி அந்தக் கோட்டைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டிய பொருளாகி விடும். இதை விளையாட்டாகச் செய்து பார்க்கத் துடிக்கும் கைகள் நம் ஹாஸ்டலிலும் இருக்கின்றன, பெயர் சொல்லவில்லை.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அறுக்க வேணாம், விரிசல்ல ஒரு வெல்டு வெச்சிடு" என்று கேட்பவர்களும் உண்டு. குழல் ஸ்டீலின் பலம் அதன் ஹீட் ட்ரீட்மெண்டில் இருக்கிறது. ஆர்க் பட்ட இடத்தில் அந்தப் பலம் கலைந்து போகும். வெல்டின் ஓரத்தில் கடினமாகவும் நொறுங்குகிற மாதிரியும் ஒரு வட்டம் உண்டாகும். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் 1903 மாடல் ரைஃபிள்கள் செய்தபோது, குழல் பொருந்தும் உடற்பகுதியான ரிசீவரைக் காய்ச்சுகிற தொழிலாளர்கள் சூட்டைக் கண்ணால், நிறத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள். அனுபவசாலிகள்தான். ஆனால் வெயில் காயும் நாளில் இரும்பு மங்கலாகத் தெரியும், மேகமூட்ட நாளில் பிரகாசமாகத் தெரியும். வெயில் நாளில் காய்ச்சியது சூடு மிஞ்சிப் போயிற்று. சில ரைஃபிள்கள் சுடும்போது கண்ணாடி மாதிரி நொறுங்கின. 1918-இல் முறையை மாற்றி, பைரோமீட்டர் வைத்தார்கள். எட்டு லட்சத்துக்குக் கீழே எண் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்களைச் சுடாதே என்ற எச்சரிக்கை இன்றும் நிற்கிறது. ஸ்மித்தி ஷாப்பில் 'செர்ரி ரெட்' என்று நிறம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

குழல் வேலையே ஆகாத வேலை என்று நான் சொல்லவில்லை. அருமையான தொழில்நுட்பம் அது. திருச்சி நவல்பட்டுப் பக்கம் 1966-இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. 2021 அக்டோபர் முதல் அது ஏ.டபிள்யு.இ.ஐ.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. ஆசை உள்ளவர்கள் அப்ரண்டிஸ் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பம் போடலாம். அங்கே கேஜ் உண்டு, பைரோமீட்டர் உண்டு, புரூஃப் உண்டு. குழலில் கை வைக்க அதுதான் இடம்.

பயிருக்காகத் துப்பாக்கி வேண்டும் என்பவரிடமும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். நம் வயலில் பெரிய எதிரி எலி. அதற்குத் துப்பாக்கியால் ஆவது ஒன்றுமில்லை. மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டி ஒரு ராத்திரியில் செய்கிற வேலையை எந்தக் குழலும் செய்யாது. வாத்து, கொக்கு, மயிலைச் சுட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும். கோடியக்கரைச் சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருந்து துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வனத்துறையிலும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. வேதாரண்யம் பக்கத்து நண்பர்கள் வீட்டில் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, மாமா வந்து கேட்டால் என்ன சொல்வது? வீங்கின, விரிசல் கண்ட, துரு அரித்த குழலில் இனி ஒரு தோட்டாகூடப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பழுது பார்க்க வேண்டுமானால் லைசென்ஸ் பெற்ற டீலரிடம், லைசென்ஸ் புத்தகத்தோடு கொண்டு போகட்டும். லைசென்ஸ்தாரர் இறந்து போய் துப்பாக்கி மட்டும் வீட்டில் இருந்தால், அல்லது லைசென்ஸ் காலாவதி ஆகியிருந்தால், 21-ஆம் பிரிவுப்படி தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு வாரிசுகள் தங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுக் கொடுக்கலாம், முறைப்படி விற்கவும் செய்யலாம். மனு போக வேண்டிய இடம் கலெக்டர் ஆபீஸ், திருச்சி மாதிரி ஊர்களில் போலீஸ் கமிஷனர் ஆபீஸ். ஒப்படைக்கும்போது துப்பாக்கி எண்ணை எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் சீலும் வைத்த ரசீதை வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நம் ஊரில் பலரும் அதை வாங்காமல் வந்துவிட்டுப் பிறகு அலைகிறார்கள்.